மூக்கு மாற்றிய வண்டி

எதிர்வீட்டுச் செயலாளர் புதுக் கார் வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் தெருவில் பதினாறு வீட்டுக்கும் தெரியும். பட்டப்பகலில் காருக்குச் சாம்பல் நிற உறை மாட்டி, அதற்கு மேல் இரண்டு பழைய போர்வையையும் போர்த்தி வைத்தால், உள்ளே என்ன என்று பார்க்காமல் யாருக்குச் சோறு இறங்கும்? நான் மாடியில் துணி காயப்போடப் போனபோது தற்செயலாகத்தான் பார்த்தேன். அன்றைக்கு என்னவோ நான்கு தடவை துணி காயப்போட வேண்டியிருந்தது.

புதுக் கார் வாங்கியவர் அதை ஏன் ஒளிக்க வேண்டும் என்றால், கதை அவருடைய ஆலையில் தொடங்குகிறது. உள்நாட்டுக் கார் கம்பெனி தன் வண்டிகளுக்குச் சீட் தைக்க நடத்தும் ஆலை அது. ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்க்கிறார்கள்; அவர்களுடைய சங்கத்துக்கு இவர் செயலாளர். மூன்று வருஷத்துக்கு முன் 'நம் வண்டியே வாங்குவோம்' என்று தொண்டை கிழிய முழங்கி, ஆலையின் முன்கேட்டுக்குள் வெளிநாட்டுக் கார் நுழையக் கூடாது என்று ஒரு விதியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர்கள் பின்பக்கம் சாக்கடையோரமாக நிறுத்திவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிஷம் நடந்து வர வேண்டும். கேட் காவலாளி காரின் மூக்கை மட்டும் பார்ப்பார். உள்நாட்டுச் சின்னம் இருந்தால் தடுப்புக் கம்பி மேலே போகும்; இல்லாவிட்டால் காவலாளியின் கை சாக்கடைப் பக்கம் நீளும். அந்த ஒரு விதியால்தான் செயலாளர் போன தேர்தலில் ஜெயித்தார். இப்போது மறுபடியும் தேர்தல், இருபது நாளில். ஃபோம் வெட்டும் பிரிவிலிருந்து ஒருவர் எதிர்த்து நிற்கிறார். இந்த நேரத்தில் செயலாளர் வீட்டு வாசலில் வெளிநாட்டுக் கார் நிற்பது தெரிந்தால் பதவி போச்சு.

வாங்கியது அவர் மனைவி. ஆஸ்பத்திரி லேபில் வேலை; காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கும் ஜன்னலை அவர்தான் திறக்க வேண்டும். வீட்டில் இருந்த உள்நாட்டுக் காருக்கு நான்கு வயசுதான். ஆனால் விடிகாலையில் கிளம்பு என்றால் முதலில் இருமும், பிறகு கனைக்கும், கடைசியில் மௌன விரதம். செயலாளர் பனியனோடு வந்து தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போவார். ஒருநாள் நான் கேட்டுவைத்தேன். காலை நடை உடம்புக்கு நல்லது என்றார். நாட்டிலேயே காரைத் தள்ளிக்கொண்டு நடை போகிறவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்த அம்மாள் மூன்று மாதம் பொறுத்தார். பிறகு தன் சம்பளத்தில், தன் பெயரில், வெளிநாட்டுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. என் காதும் அப்படியே.

"உங்க கொள்கையை நீங்க தள்ளிக்கிட்டுப் போங்க. எனக்கு ஆறு மணிக்கு அங்க அம்பது பேர் வெறும் வயித்தோட நிக்கறாங்க."

தேர்தல் முடியும் வரையாவது மூடி வைக்கலாமே என்று அவர் கெஞ்சினார். அப்படி வந்ததுதான் உறையும் போர்வையும். ஆனால் தினமும் ஐந்தரைக்கு அந்த அம்மாள் உறையை உருவி எறிந்துவிட்டுக் கிளம்பிப் போனால், மறைத்து என்ன பலன்? ஒரு வாரம் பார்த்தார் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு தூங்கும் நேரம் பார்த்து, பழைய காரின் மூக்கிலிருந்து உள்நாட்டுச் சின்னத்தை நெம்பி எடுத்து, புதுக் காரின் சின்னத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒட்டினார். பழைய காரைக் காவலாளிக்குச் சின்னம் இல்லாமலே அடையாளம் தெரியும் என்ற தைரியம். பசை காயும் வரை அரை மணி நேரம் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். பழைய கார் இரண்டு ஓட்டையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வெளிநாட்டு மாடல் இங்கே இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாலையில் பார்த்தவர்கள் குறைவு. மூக்கைப் பார்த்துக் குலம் சொல்லும் ஊருக்கு இது போதும் என்று நினைத்திருப்பார்.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு கார் ஊர்வலம். ஆலைத் தொழிலாளிகள் தங்கள் உள்நாட்டுக் கார்களில் வரிசையாக வந்து முன்கேட்டில் முடிப்பார்கள். செயலாளரின் கார்தான் முதலில் போக வேண்டும். அன்று காலை பழைய கார் சரியாக ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். மனைவிக்கு அன்று வார விடுமுறை; வேறு வழியில்லாமல் வாசலில் நின்ற அவருடைய காரை எடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தையல் பிரிவில்தான் ஓட்டு அதிகம். அதனால் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளரான ஊசி அக்காவை மரியாதையாக முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். ஊசி என்ற பெயர் தொழிலால் மட்டும் வந்ததல்ல.

தெருக்காரர்களும் வரலாம் என்று நோட்டீசில் இருந்ததால் நானும் கேட் வரைக்கும் போயிருந்தேன். கூப்பிட்டு மதிக்கும்போது போகாவிட்டால் நன்றாக இருக்காது.

கார் வந்தது. காவலாளி மூக்கைப் பார்த்தார், சல்யூட் அடித்தார், கம்பி மேலே போனது. கம்பெனி புது மாடல் விட்டிருக்கிறது என்று கூட்டத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். வரவேற்கப் பூங்கொத்தோடு நின்ற ஆலை மேனேஜர் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஆனது. ஓடிவந்து செயலாளரின் ஜன்னலில் குனிந்தார்.

"சார், இது அடுத்த வருஷம் நாம விடப்போற வண்டியாச்சே. உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?"

செயலாளர் விழித்தார். மேனேஜர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது. கார் கப்பலில் முழுசாக வந்து இறங்கும். இங்கே நம் சின்னத்தை ஒட்டினால் உள்நாட்டுக் கார். மேலிடத்தில் ஆறு பேருக்குத்தான் தெரியும். இப்போதைக்குச் சோதனை வண்டி என்று மைக்கில் சொல்லிவிட்டால் கம்பெனி ரகசியமும் காப்பாற்றப்படும், செயலாளர் பெயரும் காப்பாற்றப்படும்.

ரகசியம் சொல்கிற அவசரத்தில் பக்கத்துச் சீட்டை அவர் பார்க்கவில்லை. தையல்காரி கை சும்மா இருக்குமா? ஊசி அக்காவின் விரல்கள் ஏறி உட்கார்ந்ததிலிருந்தே சீட்டின் அடி விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. அவர்கள் ஆலையில் அந்த இடத்தில் இரட்டை வரிசை போட்டு முடிச்சை உள்ளே மடிப்பார்கள். இதில் ஒற்றை வரிசை.

"தம்பி, வண்டியில ஏறினதுலேருந்து பாக்கறேன், இது நம்ம தையல் இல்லையே," என்றார் அக்கா. பிறகு மேனேஜரைப் பார்த்தார். "முழுசா வந்து எறங்கும்னீங்களே, சீட்டோடதானே?"

மேனேஜர் பூங்கொத்தில் பூவை எண்ண ஆரம்பித்தார்.

அதற்குள் யாரோ செயலாளர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். சோதனை வண்டி என்று ஒரு வார்த்தை போதும். பதவி கையில் இருக்கும். அவர் காரை விட்டு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றார். அவருடைய பழைய காரேதான். கடைசியில் வீட்டுச் சாவியை எடுத்து, காரின் மூக்கில் இருந்த சின்னத்தை நெம்பினார். அரை மணி நேரம் அழுத்தி ஒட்டியது ஒரு நொடியில் கையோடு வந்தது.

"இது வெளிநாட்டு வண்டி. என் வீட்டுக்காரியோடது. நான்தான் ஒட்டினேன், தப்புதான். ஆனா நான் ஒரு வண்டிக்கு ஒட்டினேன். கம்பெனி அடுத்த வருஷத்துலேருந்து எல்லா வண்டிக்கும் ஒட்டப்போகுது. அதுல நம்ம சீட்டு கெடையாது."

பிறகு கேட்டில் நடந்த சத்தத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதியை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஐந்து நாளும் ஆலையில் ஒரே பேச்சு. ஊரை ஏமாற்றியவனுக்கு ஓட்டா என்றது ஒரு கூட்டம். உள்ளதைச் சொல்லி வயிற்றுப்பிழைப்பைக் காப்பாற்றியவன் என்றது இன்னொரு கூட்டம். பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் செயலாளர் ஜெயித்தார். எல்லாம் தையல் பிரிவு ஓட்டு. அதற்கு அக்கா ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: இனிமேல் கேட்டில் மூக்கைப் பார்க்கக் கூடாது, சீட்டின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும்.

கம்பெனியும் இறங்கி வந்தது. கார் கப்பலில்தான் வருமாம்; சீட் மட்டும் இங்கே தைத்து மாட்டுவார்களாம். எஞ்சின், சக்கரம், கதவு பற்றியெல்லாம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நம் சீட் இருந்தால் நம் வண்டி என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள். சீட் இல்லாமல் ஓடும் கார் எங்காவது உண்டா என்று மேடையில் கேட்டாராம் செயலாளர். தள்ளுவதற்கு எஞ்சின் வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

இப்போது காலையில் கேட்டில் காவலாளி ஒவ்வொரு காராகக் கதவைத் திறந்து, குனிந்து, தடவிப் பார்க்கிறார். வரிசை பெரிய சாலை வரை நிற்கிறது. மேனேஜருடைய பெரிய கார் உள்நாட்டுச் சின்னம்தான். ஆனால் அந்த உயர் ரகத்துக்குச் சீட் வெளிநாட்டிலிருந்து வருவதை யாரும் இத்தனை நாள் தடவிப் பார்க்கவில்லை. அவரும் சாக்கடையோரம்தான் நிறுத்துகிறார். ரத்தம் எடுப்பது முடிந்து லேபிலிருந்து திரும்பும் மனைவி, செயலாளரை வீட்டிலிருந்து ஏற்றி வந்து அங்கேதான் இறக்கிவிடுகிறார். மேனேஜரும் செயலாளரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சேர்ந்து நடந்து வருவதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை, என் மாடி அவ்வளவு உயரமில்லை.

போன வாரம் ஊசி அக்கா நேரிலேயே வந்திருந்தார். அந்தக் காருக்கு நம் சீட்டை மாற்றித் தருகிறோம், செயலாளர் கௌரவமாக முன்கேட்டில் வரட்டும் என்று சொன்னார். நான் அப்போது வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், இரண்டாவது தடவையாக. செயலாளர் முகம் மலர்ந்தது. மனைவி காரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சீட்டு நல்லாத்தான் இருக்கு அக்கா. அவர் நடக்கட்டும், காலை நடை உடம்புக்கு நல்லதாம்."