பாலாம்பிகை அழவில்லை

பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு தடவை. அதற்குள் எவ்வளவு பார்த்துக்கொள்ள முடியுமோ அவ்வளவும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள் பாலாம்பிகை. வினை அங்கேதான் பிடித்தது.

1934, ஆவணி மாதம். மாப்பிள்ளை கனகரட்ணம் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. தமக்கையோடு பாலாம்பிகையின் ஊரான பாச்சாங்குக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். பெண் நிலத்தைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பது முறையாம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ தெரியாது. கோப்பியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்ற பாலாம்பிகை, தலை நிமிர்ந்தே பார்த்தாள்.

அவள் கொடுக்கும்போதே கோப்பி கொஞ்சம் தட்டில் சிந்தியிருந்தது. தமக்கை கண்டு குறை சொல்வதற்குள் சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியால் அதைச் சட்டென்று துடைத்துவிட்டான் அவன். இவன்தான் என்று அவள் மனம் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. அதன் பிறகு கண் கொட்டவே இல்லை. கண் காய்ந்தது, எரிந்தது, கடைசியில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கனகரட்ணம் அதைக் கண்டான். கோப்பியைப் பாதியில் வைத்தான்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 'தங்கள் மகளின் கண்ணீரைக் கண்டேன். மனமில்லாத பெண்ணை வற்புறுத்த வேண்டாம். என்னால் அவருக்கு இனித் தொல்லை இராது.'

அப்பா விஜயரட்ணம் குதித்தார். "என்னத்துக்கடி அழுதனீ?"

"நான் அழேல்லை அப்பா."

"அப்ப கண்ணிலை என்ன, மழையே பெஞ்சது?"

அம்மாவின் தம்பி குலம், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர், நல்ல வேளையாக அங்கே இருந்தார். "அவள் சொல்லுறது சரி அத்தான். அண்டைக்கு நானும் கண்டனான், அவள் இமைக்கவேயில்லை. இமைக்காமல் பாத்தால் கண் காயும். காஞ்சால் உறுத்தும். உறுத்தினால் தானாய்த் தண்ணி கொட்டும். அதுக்கும் அழுகைக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. நான் போய்ச் சொல்லட்டே?"

"வேண்டாமெண்டவனுக்குப் பின்னாலை பெண் வீட்டார் போறதோ? உன்ரை வேலையைப் பார்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மானம் பெரிது, மகள் சின்னவள்.

பாலாம்பிகை மட்டும் முடிக்கவில்லை. நியாலாஸை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே ஒரு வீட்டில் நாள்தோறும் குடித்தனம் நடத்தினாள். அடுப்படிக்குள் காலை வெயில் எந்தப் பக்கமாக வரும், வேலை முடிந்து வந்து அவன் சப்பாத்தை எங்கே கழற்றுவான், எல்லாம் அவளுக்குத் தெரியும். அவன் ஊர்ப் பக்கமிருந்து வரும் ஜாசின் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் அரிந்துகொண்டிருக்கும் கத்தரிக்காய் கையிலேயே நிற்கும். அவன் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். இதை யாரிடம் சொல்வது?

கார்த்திகைத் தீபத்தன்று கோயிலில் அம்மா அர்ச்சனைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டாள். வாசலில், செருப்புக் கழற்றும் இடத்தில், கனகரட்ணம் தனியாக நின்றான். பாலாம்பிகை நேரே போனாள்.

"அண்டைக்கு நான் அழேல்லை."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன?"

"உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். இமைக்கேல்லை. கண் காஞ்சு தண்ணி வந்திட்டுது. எனக்கு உங்களை நல்லாய்ப் பிடிச்சிருந்தது."

அவன் முகத்தில் ரத்தமில்லை.

"தையிலை நாள் வைச்சாச்சு," என்றான். "சிரம்பானிலை பொம்பிளை. வாக்குக் குடுத்திட்டன்."

பாலாம்பிகை போய்விடலாம் என்று நினைத்தாள். போகவில்லை.

"உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதெண்டுதான் அப்பிடி எழுதினனான்," என்றான் அவன்.

"தெரியும். நல்ல மனுசன்தான் நீங்கள். ஒருக்கால் என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். பாலாம்பிகை திரும்பி நடந்தாள்.

"கேட்டிருக்கலாம்," என்றான் கனகரட்ணம். அவள் படியேறிப் போன பிறகும், கேட்க ஆளில்லாமல், இன்னொரு தடவை அதையே சொன்னான்.