நாற்பத்து மூன்று முதலிடங்கள்

காலை பதினோரு மணிக்கே ஜாஸ்பினுக்குக் கண் எரிந்தது. நாகர்கோவிலில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களெல்லாம் ஆறு சர்வர்களில் பங்குபோட்டுச் சேமிக்கப்பட்டிருந்தன; அவற்றைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மூன்று நாளாக ஆறிலும் சிபியு தொண்ணூற்றெட்டு சதவீதம். டிஸ்க்குகளோ சும்மா கிடந்தன. வேலையே நடக்காமல் சர்வர்கள் இப்படி வேர்த்து வழிந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் ரெஜின் கூப்பிட்டார்.

"ஜாஸ்பின், கிருஷ்ணமணிக்க தலை ஸ்கேன் திறக்கமாட்டேங்கு. புதுக்கடையில பைக் ஆக்சிடென்ட் ஆன ஆளு. ரத்தம் எங்க கட்டியிருக்குன்னு தெரியாம கத்திய எங்க வைக்க?"

"பத்து நிமிசம் தாங்க சார்."

"அஞ்சுதான்."

எந்த வேலை முந்தி, எது பிந்தி என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரைத் திறந்தாள். எல்லாம் அவள் கைவேலைதான். அவசர சிகிச்சைக்கு என்று ஒரே ஒரு முன்னுரிமையில் ஆரம்பித்தது. அப்புறம் எலும்பு டாக்டர் கேட்டார், அவர் மச்சினர் கேட்டார், சபைக் கமிட்டிக்காரர் ஆள்விட்டுக் கேட்டார். முடியாது என்று சொல்ல அவளுக்கு நா எழாது. இப்போது நாற்பத்து மூன்று முன்னுரிமைகள், அத்தனை பேருக்கும் முதலிடம்! ஒரு ஸ்கேன் என்றால் ஆயிரம் துண்டு. துண்டுக்குத் துண்டு யார் முதல் என்று ஒப்பிட்டே ஷெட்யூலர் ஓய்ந்துபோனது.

பட்டியலின் உச்சியில் நிர்வாகி ராஜையன் பெயர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்த மாமா. கை ஒரு கணம் நின்றது. கர்த்தாவே, யோசிக்கக்கூடத் தெம்பில்லை. அவசர சிகிச்சையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மொத்தமாக அழித்தாள்.

சிபியு இறங்கியது: எழுபது, நாற்பது, இருபத்தொன்பது.

"படம் வந்தாச்சு" என்று ரெஜின் போனை வைத்தார்.

அவள் மேஜையில் தலை சாய்ப்பதற்குள் ராஜையன் கூப்பிட்டார்.

"ஏட்டி மக்ளே, எனக்க ஆளுக்க படம் வரிசையில நிக்கே. என்ன செய்த?"

"எல்லாருக்க பேரையும் எடுத்துட்டேன் மாமா."

"எனக்கதையுமா?"

"ஆமா."

"செரி, எனக்கத மட்டும் திருப்பிப் போடு. ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆவாது."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒவ்வொருவரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"தியேட்டர்ல ஒரு ஆளுக்க மண்டைக்குள்ள ரத்தம் கட்டிக் கெடக்கு மாமா. இவ்வளவு நேரம் அவருக்க படம் நம்ம ஆளுகளுக்குப் பின்னால நின்னுச்சு. டாக்டருக்கு லைன் தாறேன், அடுத்து வாற ஆளும் அப்பிடி நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

ராஜையன் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆளு பொழைப்பானா மக்ளே?"

"தெரியாது மாமா" என்றாள் ஜாஸ்பின். "படம் லேட்டாத்தான் போச்சு."