வலது கண் மட்டும்

பின்வாசலில் ஊமத்தைச் செடி பூத்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. செடியை வைத்தவள் சின்னவள். கொழுந்தனின் புது மனைவி, நாட்டு மருந்துக் கடைக்காரர் மகள். ஊமத்தையைத் தின்றால் புத்தி பேதலிக்கும், அளவு மீறினால் ஆளே போய்விடும் என்பது ஊரறிந்த சங்கதி. வீட்டிலேயே துணி தைத்துப் பிழைக்கும் பெரியவளுக்கு மட்டும் தெரியாதா?

"இலையை வதக்கி மூட்டுல கட்டினா வீக்கம் வத்தும்க்கா. உங்களுக்காகத்தான் வச்சேன்," என்றாள் சின்னவள்.

"என் மூட்டு மேல உனக்கென்ன அவ்வளவு கரிசனம்?"

பதினைந்து வருஷம் தன் கையில் இருந்த அடுப்படி இப்போது இவள் கையில். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று பெரியவள் முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து சின்னவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் பெரியவள் செடியிடம் போவாள். பூ, மொட்டு, முள்ளுக்காய் என்று எட்டியதையெல்லாம் பறித்துக் கசக்கிச் சாக்கடையில் போடுவாள். விஷமே இல்லாவிட்டால் எதை வைத்துக் கொல்வாளாம்? வெட்டுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

ஐந்தாம் நாள் ஊசியின் காது தெரியவில்லை. நூல் மங்கலாய் ஆடியது, வெளிச்சத்தில் கண் கூசியது. தையல்காரிக்குக் கண் போனால் பிழைப்பே போச்சு. பயத்தில் அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"பாவி, சாப்பாட்டுல விஷம் வச்சுட்டா! ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

கொழுந்தனே மனைவியை ஒரு மாதிரி பார்த்தான். எல்லோருமாகக் கண் டாக்டரிடம் போனார்கள்.

ஊமத்தைச் செடி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். "வலது கண்ணுல மட்டும்தான் பாப்பா விரிஞ்சிருக்கு. வயித்துக்குள்ள போயிருந்தா ரெண்டும் விரிஞ்சிருக்கும். ஊமத்தையைத் தொட்ட கையால கண்ணைக் கசக்கினீங்களாம்மா?"

பெரியவள் வலது கையை மடிக்குள் ஒளித்தாள். நகத்திடுக்கில் பச்சைச் சாறு காய்ந்திருந்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள்.

நாலைந்து நாளில் கண் சரியாகிவிட்டது. மூட்டு வீக்கம் அப்படியே இருந்தது. செடியைச் சின்னவளே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். மத்தியானம் பெரியவள் முன்னால் தட்டை வைத்தவள், அதிலிருந்து ஒரு வாய் அள்ளித் தான் முதலில் மென்று விழுங்கினாள்.

"பாத்துட்டீங்களாக்கா? இப்போ சாப்பிடுங்க."

அந்தக் குரலில் துளிக் கோபம் இல்லை. இனி தினமும் இப்படித்தான் என்று பெரியவளுக்குப் புரிந்தது. ஊசிக் காதெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. எதிரே நிற்பவளின் முகத்தைத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.