அணைப்பதற்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே மார்புத் தசைகளைக் கழற்றி ஒப்படைத்துவிட வேண்டும். நெஞ்செலும்பிலிருந்து விசிறிபோல் விரிந்து மேற்கையில் போய்ப் பிடித்துக்கொள்ளும் பெரிய தசை இரண்டும் பெயர்ச்சீட்டோடு இரும்பு பீரோவுக்குப் போய்விடும். அடியில் இருக்கும் சின்னத் தசையை விட்டுவைப்பார்கள். தோளை முன்னால் கீழே இழுப்பது அது. அதிகாரி முன்னால் குனிந்து நிற்க அது போதும். இருபத்தாறு வருடம் அப்படித்தான் நின்றேன்.

பெரிய தசை இல்லாமல் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து சேர்க்க முடியாது. தேவைப்பட்டால் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். உத்தரவில் எழுதிய வேலையை மட்டும்தான் அது செய்யும்.

என் மகள் பூங்கோதை ஒன்பது வருடத்துக்குப் பிறகு வருவதாகக் கடிதம் போட்டிருந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான்தான். ரயில் மாறுகிற வழியில் எங்கள் ஸ்டேஷனில் இருபது நிமிடம் இருப்பாளாம். ஒரு தடவையாவது அவளைக் கட்டி அணைத்துவிட வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது. விண்ணப்பித்தேன். அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. உத்தரவு எழுதுகிறவர் குமாஸ்தா ஞானப்பிரகாசம். பழைய கோப்பைப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். அணைப்பதற்கென்று இதுவரை யாரும் தசையைக் கேட்டதில்லை. கடைசியாக வாங்கியவர் டிரைவர், நின்றுபோன ஜீப்பைத் தள்ள. அதைப் பார்த்து என் உத்தரவிலும் ‘தள்ளுவதற்கு’ என்று எழுதிவிட்டார். கேட்டதற்கு, இரண்டும் ஒரே தசை செய்கிற வேலைதானே என்றார். திருத்தப் பதினைந்து நாளாகும். ரயிலோ மறுநாள் காலை.

தசைகளை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். பூங்கோதை இறங்கி வேகமாக வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என் கைகள் உயர்ந்தன, நெஞ்சு இறுகியது. உத்தரவில் இருந்தபடி அவளைத் தள்ளினேன். பின்னால் இருந்த பெஞ்சில் போய் விழுந்தாள்.

“இன்னும் கோபம் போகலையாப்பா?” என்றாள்.

சட்டைப் பையிலிருந்த உத்தரவை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து தன்னுடைய உத்தரவைக் காட்டினாள். அவள் அலுவலகத்தில் கண்ணீரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்பாவைப் பார்த்து அழுவதற்கு இருபது நிமிடம் கேட்டிருந்தாள். கண்ணீர் இருப்பு இல்லை என்று சிரிப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

மிச்சமிருந்த பதினேழு நிமிடமும் அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள். நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.