ராத்தா பொருந்தினாவா?

உம்றாவுக்குப் போன ஸாலிஹா மக்காவிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகிவிட்டாள். ஊருக்குத் திரும்பியது அவளுடைய பெட்டியும் போனும்தான். அந்தப் போனை மகள் ஸப்னா, முகத்தைப் பார்க்காமலே ஸம்றாவின் கையில் வைத்தாள்.

"உம்மா கடைசியா உங்களுக்குத்தான் வீடியோ எடுத்தாவாம், சாச்சி. எடுக்கக்குள்ளயே சார்ஜ் இறங்கி போன் நிண்டு போச்சாம். இப்ப அந்த வீடியோ திறக்குதில்ல."

ஸம்றா ஸாலிஹாவின் ஒரே தங்கை; அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஸப்னாவைப் பெண் பார்த்துப் போனவர்களிடம், அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும் என்று ஓதி வைத்தவளும் அவள்தான். வலிப்புமில்லை, ஒரு மண்ணுமில்லை, எல்லாம் இவளுடைய வயிற்றெரிச்சல். கல்யாணம் நின்றது. உம்றாவுக்குப் புறப்படுமுன் ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய், "குற்றங்குறை இருந்தா பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்ட ஸாலிஹா, தங்கையின் வாசலுக்கும் வந்தாள். அப்போதாவது வெளியே வந்து கையைப் பிடித்திருக்கலாம். வெட்கங்கெட்டவள், குசினிக்குள் அடுப்படியில் மூச்சுக் காட்டாமல் நின்றாள்.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் பொருந்த வேண்டும். ராத்தா பொருந்தினாளா என்று சொல்ல இனி இந்த வீடியோவை விட்டால் வேறு நாதியில்லை.

கல்முனையில் போன் திருத்தும் சுதன், அதைக் கம்ப்யூட்டரில் கொழுவிப் பார்த்தான்.

"படம் உள்ளுக்க கிடக்கு, அக்கா. ஒழுங்கா முடியாததால திறக்குதில்ல. இதே போன்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்டு இரிந்தா, அத வச்சிச் சரிக்கட்டலாம்."

"மௌத்தானவங்கட படம் இரிக்கப்படாதெண்டு மத்ததெல்லாம் அழிச்சிட்டாங்க, தம்பி."

"அப்ப புதிசா ஒண்டு எடுப்பம். என்னவாவது கதைங்க. சத்தமும் வேணும்."

சுதன் பிடித்த ராத்தாவின் போன் அவளைப் பார்த்து நின்றது. பொய் சொல்லும்போது புரண்ட நாக்கு இப்போது ஒட்டிக்கொண்டது. "பஸ் போகுது" என்றாள். அதுவே போதும் என்றான் சுதன்.

கொஞ்ச நேரத்தில் ஸாலிஹா திரையில் வந்தாள். வெள்ளை முக்காடு, களைத்த முகம்.

"ஸம்றா, இஞ்ச வந்து எல்லாரையும் பொருந்திட்டன். உன்ன மட்டும் ஏலாமக் கிடக்கு. எண்ட புள்ளட முகம் முன்னுக்கு வருகுது. நீ ஒருக்கா வாய் திறந்து கேளு, புள்ள. கேட்டியெண்டா அந்த இடத்திலயே பொருந்திருவன். நான் வந்த உடனே..."

படம் நின்றது.

"பொருந்திக்கொள்ளுங்க, ராத்தா!" கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "பொருந்திக்கொள்ளுங்க!"

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, சுதன் சத்தத்தைக் கூட்டி மறுபடியும் ஓட விட்டான். ஒருக்கா வாய் திறந்து கேட்கும்படி ராத்தா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.