சங்கு ஊதிய ஞாயிற்றுக்கிழமை

மலேசியாவில் மல்டிமீடியாவும் வெப் டெவலப்மென்ட்டும் படிக்கப் போயிருந்த சுமலதா, லீவில் வந்து நடுவட்டத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு ஜனம் அவளை மொய்த்துக்கொண்டது. மல்டிமீடியா என்றால் என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாத படிப்புக்குத்தான் எப்போதும் மதிப்பு அதிகம். “கம்ப்யூட்டர்ல சினிமா மாதிரி” என்று அவள் அம்மா சின்னம்மை லயம் முழுக்க விளக்கம் சொல்லி வைத்திருந்தாள். அதனால் பாதிப் பேர், எந்த நடிகரைப் பார்த்தாய் என்று கேட்டார்கள். மீதிப் பேர் சாக்லேட் கேட்டார்கள்.

சுமலதாவின் தோளில் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய வீடியோ கேமரா தொங்கியது. பையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப். நெஞ்சில் ஒரு பயம். அந்த வருஷத்துக் கடைசி ப்ராஜெக்டாக சொந்த ஊரைப் பற்றி ஒரு வெப்சைட் செய்து கொடுக்க வேண்டும். அவளும் செய்து கொடுத்தாள். மூடுபனி விலகும், தேயிலை ஒன்று மிதந்து வந்து மெனுவாக விரியும், பின்னால் புல்லாங்குழல். அதற்காக எத்தனை ராத்திரி கண் விழித்தாளோ. வகுப்பே கைதட்டியது. பாடம் எடுக்கும் மிஸ்டர் லிம் மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “உன் ஊரில் ஆட்கள் யாரும் கிடையாதா?” என்று கேட்டார். ஆட்கள் வேலை செய்வதைக் காட்டி, திங்கட்கிழமைக்குள் அனுப்பினால் பாஸ். இல்லாவிட்டால் இல்லை. பாஸாகவில்லை என்றால் அவளுக்குக் கட்டணம் கட்டுகிற அறக்கட்டளை கையை விரித்துவிடும். வெளிநாட்டு மாணவிக்கு அதற்குப் பிறகு அங்கே ஒரு நாள்கூட இருக்க முடியாது.

‘ஆளா இல்லை? எங்கள் லயத்துக்கு வந்து பார், நிற்க இடம் இருக்காது’ என்று மனசுக்குள் சவால் விட்டுக்கொண்டுதான் ஊருக்கு விமானம் ஏறியிருந்தாள்.

வந்து பார்த்தால் ஆள் இருக்கிறது, வேலை இல்லை. தேயிலை விலை விழுந்து விழுந்து, கடைசியில் எஸ்டேட் முதலாளி ஃபேக்டரியைப் பூட்டி மாதக்கணக்காகியிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் கேரட் கழுவ இத்தலாருக்கும், கல் சுமக்க ஊட்டிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தச் சேதியை போனில் யாரும் ஒரு வார்த்தைகூட அவளிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று லயமே சேர்ந்து முடிவு செய்திருந்தது.

“சொன்னா நீ அங்க படிப்பியா, அழுதுக்கிட்டுக் கிடப்பியா?” என்றாள் சின்னம்மை.

“இப்ப நான் எதைம்மா படம் எடுக்கிறது?”

“அதுக்கென்ன, நாங்க இல்லையா? பறிக்கிற மாதிரி நின்னா ஆச்சு.”

நின்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இத்தலாரிலிருந்து திரும்பியதும் கை கால் கழுவி, பவுடர் பூசி, கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டில் வரிசையாக நின்றார்கள். பக்கத்து வீட்டு வீரம்மா மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கேமராவைத் தூக்கியதும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போனார்கள்.

“அத்தை, கேமராவப் பாக்காதீங்க. வேலையப் பாருங்க.”

“எந்த வேலைய?” என்றாள் வீரம்மா. கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரிக்க, வரிசை முழுக்கச் சிரித்துக் குலைந்தது. வெளிச்சமும் போனது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற கூட்டம்போல இருந்தது. சுமலதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆள்தான் இப்படி, சத்தமாவது நிஜமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். எஸ்டேட் என்றால் முதலில் சங்கு. காலையில் ஃபேக்டரி சங்கு ஊதினால்தான் அங்கே பொழுது விடிந்ததாகக் கணக்கு. சங்கு ஊதியதும் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கேதான் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, யார் எந்த மலையில் பறிப்பது என்று பிரித்து விடுவார். தன் வெப்சைட்டைத் திறந்ததும் அந்தச் சங்கு ஊத வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் பூட்டிய ஃபேக்டரியின் சங்குக்கு எங்கே போவது?

“என்ற கிட்ட இருக்குதுங்க” என்றான் சுடலை. கல்யாணத்துக்கு வீடியோ, கோயிலுக்கு ரேடியோ செட்டு, சாவுக்கு ட்யூப்லைட்டு என்று நடுவட்டத்தில் கரண்டில் ஓடுகிற எல்லாம் அவன் பொறுப்பு. சுமலதாவின் அண்ணன் கல்யாண கேசட்டை அவன் பத்திரமாக வைத்திருந்தான். மேளக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் சங்கு ஊதுகிறது. மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் விருட்டென்று எழுந்து நிற்கிறான். பெண் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறாள். படம் கலங்கலாக இருந்தாலும் சங்குச் சத்தம் அட்சர சுத்தமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலையின் கடையில் அந்தச் சத்தத்தை லேப்டாப்பில் ஏற்றி, இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்தாள் சுமலதா. லேப்டாப் ஸ்பீக்கரில் அது பூனைக்குட்டி போலக் கத்தியது.

“இதுல கேட்டா என்னங்க தெரியும்? ஆம்ப்ளிஃபயர்ல மாட்டுங்க” என்று சுடலையே வயரைச் செருகினான். மாரியம்மன் திருவிழாவுக்காக முந்தின நாள்தான் லயத்துச் சில்வர் ஓக் மரங்களிலெல்லாம் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தான். அந்த லைனைப் பிடுங்க வேண்டும் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. சுமலதா பட்டனை அழுத்தினாள்.

மலை முழுக்கச் சங்கு ஊதியது.

நீளமாக, கடைசியில் கொஞ்சம் இழுத்து, அந்த ஃபேக்டரியின் சங்கு எப்படி ஊதுமோ அப்படியே ஊதியது. ஊதி முடித்ததும் கதவுகள் படார் படாரென்று திறந்தன. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட ஒருத்திக்கும் நினைவில் இல்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் எண்ணெயோடு கிளம்பினாள். பரணில் கிடந்த கூடையை உதறி முதுகில் மாட்டி, இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டே ஓடினார்கள். “தொறந்துட்டாங்கடி! தொறந்துட்டாங்க!” என்று கத்திக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் சின்னம்மை.

சுமலதா கடை வாசலுக்கு வந்து இதைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் கேமரா தோளில் இடிக்க, “அம்மா! அது நாந்தாம்மா! நில்லுங்க!” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். அவள் கத்தியது யார் காதில் விழுந்தது?

பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடி நின்றார்கள். கணக்கப்பிள்ளை பொன்னுத்துரை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்து, பழைய இடத்தில் பழைய மிடுக்கோடு நின்றார். அந்த நேரம் பார்த்து பங்களாப் பாதையில் தொரை ஓடி வந்தார். மேனேஜரைத்தான் லயத்தில் தொரை என்பார்கள். அவருக்கும் மாதக்கணக்காகச் சம்பளம் இல்லை. சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்று, “பொன்னுத்துரை, முதலாளி உங்களுக்கு போன் பண்ணாரா?” என்றார்.

“உங்களுக்குப் பண்ணியிருப்பாருன்னு நெனச்சேனுங்க தொரை.”

சுமலதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் வந்தாள். “ஃபேக்டரி தொறக்கல. அது என் கம்ப்யூட்டர்லருந்து வந்த சத்தம். தெரியாமப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க” என்றாள்.

சிலர் கூடைப் பட்டையை நெற்றியிலிருந்து இறக்கினார்கள். சின்னம்மையின் முகத்தைச் சுமலதாவால் பார்க்க முடியவில்லை. நாடு விட்டு நாடு போய்ப் படித்ததெல்லாம் பெற்றவளை இப்படி ஓடவிட்டு ஏமாற்றத்தானா என்று இருந்தது. பூமி பிளந்தால் கேமராவோடு உள்ளே போய்விடத் தயாராக நின்றாள்.

வீரம்மாதான் முதலில் தொரையைப் பார்த்தாள். அவர் நுரை காற்றில் ஆடி ஆடி மூக்கு நுனியில் தொங்கியது. “தொரைக்கும் சங்கு கேட்டுப்போச்சு டோய்” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்றவள் சிரித்தாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் சிரித்தாள், பொன்னுத்துரை தன் பொத்தானைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் தொரையே சோப்பை வழித்து உதறிவிட்டுச் சிரித்தார். சிலர் உட்கார்ந்து சிரித்தார்கள். கண்ணில் வந்த தண்ணீர் சிரிப்பில் வந்ததுதானா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

“சரி, கூடையோட வந்தாச்சு. வெறுங்கூடையோட திரும்பிப் போறதா?” என்றாள் சின்னம்மை. “எம்மகளுக்குப் படம் வேணும். பேரக் கூப்புடுங்க கணக்கப்புள்ள.”

பொன்னுத்துரை தொரையைப் பார்த்தார். முதலாளி உத்தரவில்லாமல் செடியில் கை வைக்கக் கூடாது. தொரை சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டார். “நான் முகம் கழுவப் போறேன். இங்க நடக்கிறது எதையும் நான் பார்க்கலை” என்று பங்களாவைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

பேர் எழுதிய புத்தகம் பூட்டிய ஆபீசுக்குள் இருந்தது. பொன்னுத்துரைக்கு அது தேவைப்படவும் இல்லை. மனப்பாடமாகக் கூப்பிட்டார். “பொன்னாயி!” “வந்தேன்!” “ஆண்டாயி!” “இருக்கேனுங்க!” “வீரம்மா!” “நான் எங்க போனேன்?” ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு சுருதியில் குரல் கொடுத்தாள். சுமலதா சத்தம் போடாமல் கேமராவை ஓட விட்டிருந்தாள்.

இடுப்புக்குமேல் வளர்ந்திருந்த செடிக்குள் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு பேச்சாகி, பேச்சும் ஓய்ந்தது. கைகள் தாமாகக் கொழுந்தைத் தேடின, கிள்ளின, தோளுக்குமேல் வீசின. நேற்று விறைத்து நின்றவர்கள் இவர்கள்தானா? கேமரா என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள். “போதும் அத்தை, எடுத்தாச்சு” என்று சுமலதா இரண்டு தடவை சொல்லியும் யாரும் நிமிரவில்லை. உச்சி வெயில் ஏறிய பிறகுதான் செடியைவிட்டு வெளியே வந்தார்கள். வாங்க ஆளில்லாத கொழுந்தை அவரவர் வீட்டு டீக்கு என்று அள்ளிப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் அம்மாவும் மகளும் ஊட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார்கள். வீடியோவாக வைத்தால் இன்டர்நெட் கனம் தாங்காது என்று, மலைச்சரிவு முழுக்க ஆட்கள் நிற்கிற ஒரே பெரிய போட்டோவாகச் செய்திருந்தாள் சுமலதா. திறந்ததும் சங்கு ஊதும். முடிவில் அத்தனை பேர் பெயரும் மேலே ஓடும். அதை ஏற்றி முடிப்பதற்குள் சின்னம்மை கட்டுச்சோற்றைப் பிரித்து இருவருக்கும் பரிமாறியும் விட்டாள்.

லிம்மிடமிருந்து பதில் வந்தது. மிக நன்று. ஆனால் பெயர்ப் பட்டியல் முடிவில்லாமல் ஓடுகிறது. பத்துப் பெயரை வைத்துக்கொண்டு ‘மற்றும் பலர்’ என்று போடு. இன்றே அனுப்பு.

“எந்தப் பத்து?” என்று கேட்டாள் சின்னம்மை. “வீரம்மா பேரை எடுத்தா அவ என்னைய ஊருக்குள்ள விடமாட்டா.”

சுமலதா நகத்தைக் கடித்தாள். பத்துப் பேர் என்றால் யார் அந்தப் பலர்? முதலாளி ஒரே பூட்டில் எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டார். இவளும் எடுப்பதா? பெயரை எடுக்காமல் விட்டால் பாஸ் போச்சு. அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று மேசையில் தட்டினாள். பக்கத்து மேசைக்காரர் திடுக்கிட்டார்.

பட்டியலையே தூக்கி எறிந்தாள். அதற்குப் பதிலாக, மவுஸை எந்த ஆள்மேல் வைக்கிறோமோ அந்த ஆளின் பெயர் பக்கத்தில் எழும்பும், பெரட்டுக்களத்தில் அவள் கொடுத்த குரலும் கேட்கும் என்று மாற்றத் தொடங்கினாள். குரலை ஒவ்வொன்றாகக் கத்தரித்து அவரவர்மேல் ஒட்டினாள். பொன்னாயிமேல் வைத்தால் “வந்தேன்!”, ஆண்டாயிமேல் வைத்தால் “இருக்கேனுங்க!” சின்னம்மைக்குப் பொழுதுபோனதே தெரியவில்லை. மவுஸைப் பிடுங்கி வீரம்மாவைத் திரும்பத் திரும்பப் பேசவைத்து, “நான் எங்க போனேன்?” என்று சென்டர் முழுக்கக் கேட்கச் செய்தாள். கடை மூடுகிற சமயத்தில் அனுப்பினார்கள்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிற்கையில் பதில் வந்தது. சுமலதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று படித்தாள்.

“என்ன புள்ள? பாஸா?”

“பாஸும்மா! பாஸ்!” என்று சின்னம்மையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கட்டுச்சோற்றுத் தூக்கு உருண்டு ஷட்டருக்கு அடியில் போனது. பாஸுக்குக் கீழே லிம் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தார். எல்லோர்மேலும் மவுஸை வைத்துப் பார்த்தேன், ஒருவரையும் விடவில்லை. முதல் வரிசையில் நீலச் சேலை கட்டியவரிடம் மட்டும் ஒரு பிழை இருக்கிறது, அவர் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருக்கிறார், ஊரிலிருந்து கிளம்பும் முன் சரிசெய்துவிடு.

பொன்னுத்துரை சின்னம்மை என்று கூப்பிட்டபோது அவளால் சிரிப்பை அடக்கிக் குரல் கொடுக்க முடியவில்லை. சுமலதாவும் வெட்ட மனசில்லாமல் அதை முழுசாக ஒட்டியிருந்தாள்.

கடைக்காரர் கனைத்தார். சுமலதா நின்றபடியே பதில் அடித்தாள்.

“அது பிழை இல்லை சார். அது எங்க அம்மா.”