இன்னொரு நாற்காலி

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் உவமைத்திலகம். கஸ்டமர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் போதும், மனுஷனுக்கு சாஃப்ட்வேர் வீடாகிவிடும், டேட்டாபேஸ் அஸ்திவாரமாகிவிடும். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். கட்டிக்கொடுத்து மாரடிப்பது நாங்கள்தானே, அவருக்கென்ன?

ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் அம்மா ஒருவர் எங்கள் கஸ்டமர். ஒரு போன் நம்பருக்கு ஒரு ஆள் என்றுதான் முதலில் கேட்டார், அப்படியே செய்துகொடுத்தோம். இப்போது ஒரே நம்பரில் குடும்பம் முழுவதும் வேண்டும் என்றார். உவமைத்திலகம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "ரூம் இருக்கு மேடம், இன்னொரு நாற்காலி போடணும், அவ்வளவுதான். நாளைக்கே ரெடி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் யார் என்று சாஃப்ட்வேர் கண்டுபிடிப்பதே அந்த நம்பரை வைத்துத்தான். அதில் நாலு பேரைச் சேர்த்தால் யாருடைய ரிசல்ட் யார் பெயரில் அச்சாகும் என்று கடவுளுக்கே தெரியாது. "ரிப்போர்ட் ஆள் மாறிப் போயிடும் சார்" என்றேன்.

"நீ எப்பவும் டெக்னிக்கலாவே பேசுற."

இதில் எது டெக்னிக்கல்? என்னை விட்டுவிட்டு, பக்கத்து சீட்டுக்காரனிடம் கொடுத்து அன்றே முடித்துவிட்டார். மறுநாள் சாயங்காலத்து ரிப்போர்ட்டிலிருந்து லேபில் புதுசுதான் ஓடும் என்று ஏற்பாடு.

மறுநாள் காலையில் அந்த அம்மாவோடு நடந்த மீட்டிங்குக்கு யாரும் கூப்பிடாமலே உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் முறைத்தார். முறைக்கட்டும்.

அவர் நாற்காலிக் கதையை ஆரம்பித்ததும் குறுக்கே புகுந்தேன். "மேடம், உங்க லேப்ல அம்மா ரத்தத்தையும் பொண்ணு ரத்தத்தையும் ஒரே டியூப்ல ஊத்துவீங்களா?"

"என்னம்மா பேச்சு இது?"

"இவர் போட்ட நாற்காலி அதுதான்."

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. உடனே லேபுக்குப் போன் போட்டு, "புதுசைத் தொடாதீங்க, பழையபடியே நடக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம், "சரியாப் பண்ண எவ்வளவு நாளாகும்?"

"மூணு வாரம்."

"எடுத்துக்கோம்மா." மேனேஜர் பக்கம் திரும்பினார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

அவர் கூரையைப் பார்த்தார்.

ஜெயித்துவிட்டேன், சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. நேராகச் சொன்னபோது அவர் காதில் ஏறவே இல்லையே!

லிஃப்டில் அவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். "அந்த டியூப் விஷயம், செம உவமைம்மா! அடுத்த கஸ்டமர்கிட்ட நானும் சொல்லிக்கிறேன்."

"உவமை இல்ல சார்" என்றேன். "இன்னைக்கு சாயங்காலம் உங்களால நடக்க இருந்தது."